யானைக்கு எத்தனை புள்ளி?

கண்டி நகரில் பழம்பொருள் விற்கும் சிறிய கடை ஒன்றின் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு செப்புக் காசுகள் அருகருகே கிடந்தன. இரண்டிலும் யானை. இரண்டும் ஆங்கிலேயர் இலங்கையில் புழங்கவிட்டவை. ஒன்று 1815ஆம் ஆண்டின் ஸ்டைவர், இலண்டனில் அடித்தது. மற்றது அதற்குச் சுமார் பத்து ஆண்டு மூத்தது, கொழும்பில் அடித்தது. கட்டையாகவும் தடிப்பாகவும், வட்டம் என்று சொல்ல மனம் ஒப்பாத வடிவில் இருந்தது. இரண்டையும் செருகியிருந்த அட்டைகளில் ஒரே தரம்: 'வீஎஃப்', அதாவது 'மிக நன்று'.

எனக்கு அங்கேதான் இடித்தது. 1815ஆம் ஆண்டுக் காசில் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் தலைமுடி கைபட்டுக் கைபட்டுத் தேய்ந்திருந்தது. கொழும்புக் காசிலோ யானையின் வயிறும் தோளும் உருவாகவே இல்லை. ஆனால் யானையின் காலடியில் உள்ள ஆண்டு எண் வெட்டிவைத்த மாதிரிக் கூர்மையாக நின்றது. புழங்கித் தேய்ந்த காசில் ஆண்டு மட்டும் எப்படித் தப்பும்?

"நானா, இந்த ரெண்டுக்கும் எப்படி ஒரே கிரேட்?"

"நான் போட்டதில்ல சேர். வாங்கின எடத்திலயே அப்படித்தான் எழுதியிருந்திச்சு. ஒரு வெள்ளக்காரர் வந்து தடிச்ச காசப் பாத்துட்டு, இது இன்னும் ஒரு படி மேல எண்டார். பொறகு வந்த ஒருத்தர், இது ரெண்டு படி கீழ, வெலயக் கொறைங்க எண்டார். நான் யார்ட பேச்சக் கேக்கிற?"

விலையைக் குறைக்கச் சொன்னவரின் நோக்கம் எல்லோருக்கும் விளங்கும். ஆனால் மற்றவர் வாங்குகிறவராக இருந்தும் தரத்தை ஏற்றிச் சொல்லியிருக்கிறார். அவர் எதைப் பார்த்தார்? ஒரே யானைக் காசு வரிசைக்குள் ஒரே சொல் இரண்டு பொருளில் எப்படிப் புழங்குகிறது? இந்தக் கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் நான் புறப்பட்டேன்.

முதலில் அந்தத் தரச்சொற்களின் பூர்வீகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. நம்மூர்ச் சேகரிப்பாளர்கள் நீண்டகாலம் பிரித்தானியப் பழக்கத்தைப் பின்பற்றினார்கள். சுமார், நன்று, மிக நன்று, அதிநன்று, புழங்காதது என்று ஏறக்குறைய ஐந்து படிகள், எண் கிடையாது. எண் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1949இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் அமெரிக்காவின் ஆரம்பகாலப் பெரிய செப்புச் சதங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1793 முதல் 1814 வரை அடித்த சதங்கள் மட்டுமே அதன் பொருள். அந்தச் சதங்களுக்கு அவர் 1 முதல் 70 வரை புள்ளி போட்டார். இன்ன வகை என்று அடையாளம் காண மட்டும் முடிகிற காசுக்கு 1, மாசு மருவற்றதற்கு 70. புள்ளியை அடிப்படை விலையால் பெருக்கினால் சந்தை விலை வந்துவிடும் என்பது கணக்கு. ஆக, இன்று உலகம் முழுவதும் காசுகளின் நிலையைச் சொல்கிற 70 என்ற உச்சவரம்பு ஒரு நாட்டின் 22 ஆண்டுக் காலச் செப்புக் காசுகளின் விலைப்பட்டியலிலிருந்து பிறந்தது. விலைக் கணக்கு சீக்கிரமே பொய்த்துப்போனது. புள்ளி மட்டும் தங்கிவிட்டது.

இந்த ஷெல்டன் தொழிலால் உளவியலாளர். மனித உடல்வாகை மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை புள்ளி போட்டவரும் இவரேதான். எதைக் கண்டாலும் எண் போடும் கை! அந்தக் கைக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பில் இருந்த நல்ல சதங்களை எடுத்துக்கொண்டு, அதே வகையில் மட்டமானவற்றை அந்த இடத்தில் வைத்துவிட்டார் என்பது அவர் காலமான பிறகு நீதிமன்றம் வரை போய் நிரூபணமானது. தரம் பிரிக்கத் தெரிந்தவனுக்குத்தானே எதை மாற்றி எடுக்கலாம் என்றும் தெரியும்.

1977இல் அமெரிக்க நாணயவியல் சங்கம் இந்த 70 புள்ளி முறையைத் தன் அதிகாரபூர்வ நூலில் எல்லா அமெரிக்கக் காசுகளுக்கும் விரித்தது. 1985இலும் 1987இலும் தோன்றிய பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற இரண்டு தரநிர்ணய நிறுவனங்கள் காசைக் கெட்டிப் பிளாஸ்திக் உறைக்குள் அடைத்துப் புள்ளியை மேலே அச்சிட்டன. சேகரிப்பாளர் வாயில் அது 'ஸ்லாப்'. இன்று கொழும்பு ஏலத்திலும் ஸ்லாப் போட்ட இலங்கைக் காசுக்குத் தனி மவுசு.

ஒரே வரிசைக்குள் தரம் மாறும் சங்கடம் அமெரிக்கருக்கும் உண்டு. மோர்கன் டொலர் என்ற வெள்ளிக் காசு பல அக்கசாலைகளில் அடிக்கப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவில் அடித்தவற்றில் பெண்ணுருவின் காதுக்கு மேலுள்ள முடி இழை இழையாகத் தெரியும். நியூ ஓர்லியன்ஸ் காசுகளில் அதே இடம் பெரும்பாலும் தட்டையாக இருக்கும், பின்புறத்தில் கழுகின் நெஞ்சும் அப்படியே. அவை புழங்கித் தட்டையானவை அல்ல, பிறப்பிலேயே அடி போதாதவை. தரம் போடுகிறவர்கள் இதை அறிந்து நியூ ஓர்லியன்ஸ் காசுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார்கள். எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதில்தான் சண்டை. அந்தச் சண்டை போடவாவது அவர்கள் கண்முன்னால் இலட்சக்கணக்கான மோர்கன் டொலர்கள் கடந்துபோயிருக்கின்றன. கொழும்புச் செப்பு யானை எப்போதாவது ஒன்றுதான் அவர்கள் மேசைக்குப் போகும். எதற்கு விட்டுக்கொடுப்பது என்று தெரிந்துகொள்ளவே அவர்களுக்கு வாய்ப்புக் கிடைப்பதில்லை.

அப்படியானால் கொழும்பு அடி எப்படிப்பட்டது என்பதை இங்கே உள்ள எழுத்துகளில்தான் தேட வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தில் இதுபோன்ற வேட்டைக்கு நுழைவாயில் ஒன்று உண்டு. அங்கே நூலகராக இருந்த எச். ஏ. ஐ. குணத்திலக்க 1970 முதல் பல தொகுதிகளாக வெளியிட்ட இலங்கை பற்றிய நூற்பட்டியல் அது. வெளிநாட்டு மொழிகளில் இலங்கையைப் பற்றி வந்தவற்றை அந்த மனிதர் சலித்துச் சேர்த்திருக்கிறார். தொகுதிகளைப் புரட்டுகிற நாளில் வேறு வேலை எதுவும் ஓடாது. தேடிய பக்கத்துக்குப் போகும் வழியிலேயே பத்துத் திசையில் இழுத்துவிடும்.

காசு என்ற திசையில் என் தடம் மூன்று பேரிடம் போய் நின்றது. 1895இல் இலங்கைக் காசுகளையும் தோட்டத் துரைமார் வெளியிட்ட டோக்கன்களையும் பற்றி எழுதிய லோஸ்லி, படைப் பொறியியலாளர். 1924இல் கொழும்பு நூதனசாலை வெளியீடாக 'சிலோன் கொயின்ஸ் அண்ட் கரன்சி' என்ற நூலை எழுதிய எச். டபிள்யூ. கொட்ரிங்டன், சிவில் சேவைக்காரர். 1962இல் பிரித்தானியப் பேரரசின் ஆசியப் பகுதிக் காசுகளுக்குப் பட்டியல் போட்ட பிரிட்மோர், இராணுவ மேஜர். இவர்களுக்கு முந்திய சாட்சியாக 1817இல் நூல் எழுதிய அந்தோனி பெர்ட்டோலாச்சி இருக்கிறார். ஆங்கிலேய ஆட்சியின் ஆரம்ப ஆண்டுகளில் இங்கே கணக்கு, சுங்கம் ஆகியவற்றில் உயர்பதவி வகித்தவர். அன்றைய பண அலகான றிக்ஸ்டொலரின் மதிப்பு சரிந்த கதையை உள்ளிருந்து பார்த்து எழுதியவர்.

கொட்ரிங்டனைத் திறந்ததும் ஒரு விடயம் பளிச்சென்று பட்டது. காசுகளின் நிறை இருக்கிறது, உலோகம் இருக்கிறது, எழுத்து, உருவம், வகை எல்லாம் இருக்கின்றன. விற்பனைத் தரம் என்ற ஒன்று இல்லை. நூதனசாலைக்காரருக்கு அது தேவைப்படவில்லை. விற்கவா போகிறார்?

யானை வரிசையின் வரலாறும் அந்த நூல்களில் கிடைத்தது. ஒரு றிக்ஸ்டொலருக்கு 48 ஸ்டைவர். ஒல்லாந்தர் தங்கள் கடைசிக் காலத்தில் கொழும்பு, காலி, யாழ்ப்பாணம், திருகோணமலை ஆகிய இடங்களில் தடித்த செப்புத் துண்டுகளில் முத்திரை அடித்துக் காசு விட்டார்கள். 1796இல் கரையோரத்தைப் பிடித்த ஆங்கிலேயர் அந்த முறையையே தொடர்ந்தனர். தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் காலத்தில் தொடங்கி 1816 வரை கொழும்பில் அடித்த தடிக்காசுகளில் ஒரு பக்கம் யானையும் ஆண்டும், மறுபக்கம் இலங்கை அரசாங்கம் என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். செப்புக் காசில் 48 என்றால் றிக்ஸ்டொலரில் 48இல் ஒரு பங்கு. அதே காலத்து வெள்ளிக் காசில் 48 என்றால் 48 ஸ்டைவர், அதாவது ஒரு முழு றிக்ஸ்டொலர். புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் இந்த எண்ணில் வழுக்கி விழுவது வழக்கம்.

இதற்குச் சமாந்தரமாக 1802இல் இங்கிலாந்தில் இயந்திரத்தில் அடித்த செப்பு யானைகள் கப்பலில் வந்தன. பிறகு 1815இன் அரை, ஒன்று, இரண்டு ஸ்டைவர்கள். கடைசியாக 1821இல் நான்காம் ஜோர்ஜின் தலையோடு வெள்ளி றிக்ஸ்டொலர். 1825இல் ஸ்டேர்லிங் முறை வந்து, ஒரு றிக்ஸ்டொலருக்கு ஒன்றரை ஷில்லிங் என்று மதிப்புக் கட்டியதோடு இந்த யானைகளின் கணக்கு முடிந்தது.

ஆக ஒரே தலைப்பின்கீழ் இரண்டு பிறப்பு. இலண்டன் யானைக்கு ஒரு மூல அச்சு இருந்தது. அதிலிருந்து பெருக்கிய அச்சுகள் ஒன்றுக்கொன்று மாறாதவை. புத்தம்புதுக் காசு எப்படி இருந்திருக்கும் என்று நமக்குத் தெரியும், அதிலிருந்து எவ்வளவு தேய்ந்தது என்று அளக்கலாம். கொழும்பு யானையைக் கையால் அச்சில் வெட்டினார்கள். ஒரு அச்சு உடைந்தால் அடுத்த அச்சில் வேறொரு யானை. தும்பிக்கை நீளும், குறுகும். செப்புத் துண்டு அச்சைவிடச் சிறிதாக இருந்தால் எழுத்தில் பாதி வெளியே போய்விடும். தேய்மானம் என்பது தொடக்கத்துக்கும் இன்றைக்கும் உள்ள தூரம். தொடக்கமே காசுக்குக் காசு வேறானால் தூரத்தை எங்கிருந்து அளப்பது?

ஆனாலும் அளக்க வழி இல்லாமல் இல்லை. கடையில் கண்ட காசை உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தபோது யானையின் தட்டையான தோளில் வழுவழுப்பு இல்லை. அங்கே செப்புத் துண்டின் பழைய சொரசொரப்பு அப்படியே இருந்தது. கைபட்டுத் தேய்ந்த இடம் மழுங்கி மினுங்கும். அடி விழாத இடத்தில் வெற்றுத் தகட்டின் முகம் உயிரோடிருக்கும். காசைத் திருப்பினேன். தோளுக்கு நேர் பின்னால் எண்ணின் நடுப்பகுதியும் நிரம்பவில்லை. இரண்டு பக்கமும் மேடான உரு எதிரெதிரே வந்தால் இரண்டையும் நிரப்ப உலோகம் போதாமல், நேருக்கு நேர் மெலிவு விழும். தேய்மானத்துக்கு இந்த ஒழுங்கு கிடையாது. அது எந்தப் பக்கம் மேடு கூடுதலோ அதை முதலில் தின்னும். அந்த வெள்ளைக்காரர் பார்த்தது இதைத்தான். தேய்வை மட்டும் கணக்கில் எடுத்தால் அவர் சொன்ன உயர்தரம் சரி. கண்ணுக்குத் தெரிகிற உருவை மட்டும் எடுத்தால் குறைத்துக் கேட்டவரையும் பொய்யர் என்று சொல்ல முடியாது. அட்டையில் எழுதியவர் இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம் செய்திருக்கிறார், அதைச் சொல்லாமல் செய்திருக்கிறார். என் பார்வையில் குற்றம் அந்தச் சொல்லாமையில்தான் இருக்கிறது.

இத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கண்டியில் இருந்துகொண்டு கொழும்பு அச்சைப் பற்றியே பேசுவது மனதை உறுத்தியது. 1815 மார்ச் 2 ஒப்பந்தம் வரை கண்டி தனி இராச்சியம். இங்கே காசின் தரத்தை யார், எப்படிப் பார்த்தார்கள்?

இதற்குப் பதில் சொல்லத் தகுதியான சாட்சி ஒரு கைதி. 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டு, 1679இல் தப்பும்வரை கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் நாட்டில் கிடந்தவர் றொபேட் நொக்ஸ். கண்டியை அடுத்த எலதெத்தவில் நிலம் வாங்கிக் குடியிருந்தார். தொப்பி பின்னி விற்றார், நெல்லைக் கடன் கொடுத்து வட்டி வாங்கினார். அதனால் காசைப் பற்றி அவர் சொல்வதில் வியாபாரியின் கண் இருக்கிறது. 1681இல் வெளியான நூலில் மூன்று வகைப் பணத்தை விவரிக்கிறார். ஒன்று போர்த்துக்கேயர் அடித்தது. மூன்றாவது அரசனுக்கே உரிய பொன்னம், சின்னஞ்சிறியது, 75 சேர்ந்தால் ஒரு ஸ்பானிய டொலர், வேறு யாராவது அடித்தால் மரண தண்டனை. நடுவில் உள்ளதுதான் நமக்கு வேண்டியது: தூண்டில் முள்போல் வளைத்த வெள்ளிக் கம்பி. பாரசீகத்தின் லார் நகரப் பெயரால் லாரின் என்று அறியப்படுவது. இதை அரசன் அனுமதியோடு யாரும் செய்யலாம், தங்களுக்குப் பிடித்த முத்திரையை யாரும் அடிக்கலாம் என்கிறார் நொக்ஸ்.

யாரும் செய்யலாம், எதையும் அடிக்கலாம்! தரநிர்ணய நிறுவனத்துக்கு இதைவிடக் கெட்ட செய்தி வேண்டுமா? மூல அச்சு இல்லை, முறையான எழுத்தும் இல்லை. ஷெல்டனின் 70க்கு இங்கே நிற்க நிலம் கிடையாது.

ஆனால் தரம் பார்க்காமல் வாங்கவும் இல்லை. வெள்ளியில் சந்தேகம் வந்தால் கொக்கியை நெருப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சி நீரில் போடுவார்கள். வெளியே எடுத்தால் தூய வெள்ளையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது செல்லாது. நொக்ஸ் தரும் இந்தச் சோதனை வேதியியலுக்கும் பொருந்துகிறது. தூய வெள்ளியைக் காய்ச்சினால் நிறம் கெடாது. கலந்திருக்கும் செம்போ காற்றில் வெந்து கருத்து மேலே படியும். கூடுதலாகக் கலந்தவனை நெருப்பே காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கொக்கி வெள்ளி ஸ்பானிய வெள்ளியைவிடத் தூயது என்று நொக்ஸ் சான்று வேறு தருகிறார்.

இந்த வேலை நமக்கும் புதிதல்ல. சங்கப் புலவர் சிலரின் பெயரோடு ஒட்டியிருக்கும் வண்ணக்கன் என்ற பட்டம் காசு நோட்டம் பார்ப்பவனின் தொழில். நேற்றுவரை நம் அரச கச்சேரிகளில் காசைப் பார்த்து வாங்கும் சிறாப்பர் இருந்தார். உரைப்பது, எறிந்து ஓசை கேட்பது, நிறுப்பது: இவர்கள் யாரும் யானையின் தோளைப் பார்த்துப் புள்ளி போட்டவர்கள் இல்லை.

இங்கே ஒரு முரண் என்னைச் சிரிக்கவும் வைத்தது. கண்டியில் நெருப்புச் சோதனையில் தேறிய ஒரு கொக்கியை இன்று ஸ்லாப் நிறுவனத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும்? காய்ச்சியதால் மாறிய மேற்பரப்பைக் கண்டதும் 'சுத்தம் செய்யப்பட்டது', 'சேதம்' என்ற குறிப்போடு புள்ளி இல்லாமல் திருப்பி அனுப்புவார்கள். இராஜசிங்கன் காலத்துக் கண்டியில் தேர்ச்சிச் சான்றிதழாக இருந்ததே இன்றைய சந்தையில் குற்றப்பத்திரிகை. சில கொக்கிகளில் உளி வைத்து வெட்டிய தழும்பும் உண்டு. உள்ளே செம்புக் கம்பி இருக்கிறதா என்று யாரோ பார்த்த தடயமாக இருக்கலாம். அதுவும் இன்றைக்குச் சேதக் கணக்கில்தான் சேரும்.

இதற்காக ஸ்லாப்காரர்களை மொத்தமாகக் குறைசொல்ல நான் வரவில்லை. செப்புக் காசைப் புளிபோட்டு விளக்குகிற நம்மவர் பழக்கம் எத்தனை யானைகளைக் கெடுத்திருக்கிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். புளியிலுள்ள அமிலம் இருநூறு ஆண்டு படிந்த பழுப்புத் தோலை உரித்துவிடும். காசு சில நாள் பல்லிளித்துவிட்டுப் பிறகு சொறி பிடித்ததுபோல் கறுக்கும். அதைக் குறை என்று எழுதுவது நியாயம்தான். நெருப்பு காசின் புழக்கத்தோடு சேர்ந்தது, புளி விற்பனைக்கு வந்தது. அட்டையில் இரண்டையும் ஒரே சொல்லால் எழுதுவதைத்தான் நான் ஏற்கவில்லை.

இப்போது எனக்கென்று வைத்திருக்கும் அட்டைகளில் ஒற்றைத் தரம் எழுதுவதை விட்டுவிட்டேன். எங்கே அடித்தது, அடி எப்படி விழுந்திருக்கிறது, கைபட்டு எவ்வளவு தேய்ந்தது, பிறகு என்ன நடந்தது, நிறை எவ்வளவு என்று தனித்தனியாக எழுதுகிறேன். வியாபாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு விலை சொல்லலாம், ஐந்து குறிப்புக்கு எப்படி விலை சொல்வது என்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. விலைக்காகப் பிறந்த முறை விலைக்கு வசதியாகத்தானே இருக்கும்.

அட்டைகளில் 'பிறகு என்ன நடந்தது' என்ற பகுதிதான் நிரம்பி வழிகிறது. ஹந்தானைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு மூதாட்டி கழுத்துக் கயிற்றிலிருந்து கழற்றிக் காட்டியது விக்டோரியா உருவம் போட்ட இந்திய வெள்ளி ரூபாய். 1872இல் இலங்கையில் ரூபாய், சதக் கணக்கு நடைமுறைக்கு வந்தபோது இந்திய ரூபாய்தான் இங்கே முழு ரூபாயாகப் புழங்கியது. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த குடும்பங்களின் சேமிப்பும் பெரும்பாலும் அதிலேதான். மேலே கொக்கி பற்றவைத்திருந்தது, பின்பக்கம் சட்டையில் உரசி உரசி மழுங்கியிருந்தது. இதற்குப் புள்ளி கிடைக்காது, 'நகையிலிருந்து எடுத்தது' என்று மட்டும் எழுதுவார்கள் என்று சொன்னேன்.

"புள்ளி கொறையும்னா என்னங்க தம்பி, எடை கொறஞ்சிருச்சா?"

அந்த ரூபாயின் சட்டபூர்வ நிறை 11.66 கிராம். சிறிய தராசைக் கையோடு கொண்டுபோயிருந்தேன், வைத்துப் பார்த்தோம். முள் கொஞ்சம் கூடுதலாகவே காட்டியது. ஆசாரி பற்றவைத்த கொக்கியின் நிறை அது. பாட்டி காசை வாங்கி மறுபடி கயிற்றில் கோத்துக்கொண்டார்.